வெளிர் பீரில் புகை வந்தது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால். மேட்டுத் தேவாலயத்தில் பூசை முடிந்து, பாம்பெர்க் நகரத்து ஆண்களில் பாதிப் பேர் எங்கள் பீர்க்கூடத்துக்குள் இறங்கியிருந்தார்கள். முளைப் பார்லியை மால்ட்டாக உலர்த்தும் சூளையிலிருந்து நான் நேராக வந்திருந்தேன். முகத்தில் கரி, கையில் ஒரு துண்டு ரொட்டி. அதை வாயில் வைப்பதற்குள் என் பிழைப்பில் மண் விழுந்தது.

போட்டவன் யோர்ன். வடக்கே கடலோரத்துக்காரன். வேதியியலில் டாக்டர் பட்டம். தரம் பார்க்கும் மேலாளராக வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

ஜன்னலோர வட்ட மேஜை ஊர்க்காரர்களுடையது. வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். அங்கிருந்து கசாப்புக் கடைக் கிலியன்தான் விளையாட்டாகக் கேட்டான்.

"என்ன டாக்டரே, எங்க பீரெல்லாம் பாஸா, ஃபெயிலா?"

யோர்ன் சிரிக்கவில்லை. "புகை பீர் பாஸ். வெளிர் பீர் ஃபெயில்." நாங்கள் காய்ச்சுவது இந்த இரண்டும்தான்: புகை காட்டிய மால்ட்டில் புகை பீர், காட்டாததில் வெளிர் பீர்.

"ஏன், தண்ணி ஜாஸ்தியா?"

"அதுல புகை இருக்கு. புகை காட்டாத மால்ட்ல செஞ்சதுன்னு பாட்டில்ல அச்சடிச்சு விக்கிறோம். ஆய்வுக்கூடத்துல சோதிச்சா புகைச் சத்து இருக்கு. யாரோ புகை மால்ட்டைக் கலந்திருக்காங்க." அவன் என் பக்கம் திரும்பினான். "மால்ட் அறைச் சாவி ஒரே ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

அந்தச் சாவி என் இடுப்பில்தான் தொங்கியது.

நான் லியோபா. பதினேழு வருடமாக இங்கே பீர் காய்ச்சுகிறேன். கடைசி ஒன்பது வருடம் தலைமைப் பொறுப்பு. தண்ணீர், மால்ட், ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், இந்த நான்கைத் தவிர ஐந்தாவதாக ஒன்றும் பீரில் விழக்கூடாது என்று வளர்ந்த நாடு இது. இங்கே என் தொழிலில் இருப்பவளைப் பார்த்துக் கலப்படக்காரி என்பதற்குப் பதில் நேராகக் கன்னத்தில் அறைந்துவிடலாம்.

"அது ஈஸ்ட்ல வர்ற வாசனை" என்றேன். "புகை பீர் பொங்கி முடிஞ்சதும் அடியில படியற ஈஸ்ட்டை எடுத்துத்தான் வெளிர் பீருக்குப் போடறோம். உறை ஊத்தற மாதிரி. புளிச்ச உறையை ஊத்தினா தயிர் புளிக்காம இருக்குமா? அதே கொப்பரை, அதே குழாய், அதே ஈஸ்ட். லேசா ஒரு புகை ஒட்டிக்கிட்டு வரத்தான் செய்யும். இந்த ஊர்ல பால்குடி மறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"ஈஸ்ட் ஒரு உயிரி, லியோபா. அது சிகரெட் பிடிக்காது."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

"புகை எப்படி மால்ட்ல ஏறுதுன்னு ஒரு நாளாவது வந்து பாத்திருக்கீங்களா?" என்றேன். "முளை விட்ட பார்லி ஈரமா இருக்கறப்ப ஓட்டைத் தட்டு மேல பரப்பி, கீழ காட்டு பீச் மரம் எரிக்கிறோம். ரெண்டு வருஷம் காஞ்ச கட்டை. ஈரம் இருக்கற வரைக்கும்தான் தானியம் புகையைப் பிடிக்கும். காஞ்சு போச்சுன்னா நீங்க காட்டையே கொளுத்தினாலும் ஏறாது. அந்தச் சில மணி நேரத்துக்காக நான் அடுப்பை விட்டு நகர மாட்டேன். அப்படிப் பாடுபட்டு எடுக்கற மால்ட்டை, விலை கம்மியான வெளிர் பீர்ல கொண்டுபோய்க் கொட்ட எனக்குப் பைத்தியமா?"

"பைத்தியமா, கவனக்குறைவா, அது எனக்குத் தெரியாது. எண் பொய் சொல்லாது."

"முதல் கிளாஸையே முடிக்காத ஆளு நீங்க!" கிலியன் கத்தினான். "மூணாவது கிளாஸ்லதான் இந்தப் பீர் புரியும். முதல் கிளாஸ்ல தீஞ்ச சட்டி, ரெண்டாவதுல பன்றி ஹாம், மூணாவதுலதான் பீரு. மீன்தலையனுக்கு என்ன தெரியும்?"

"வெங்காயம் மிதிக்கிறவங்களுக்கு வேதியியல் தெரியுமோ?"

தோட்டக்கார ஊர் என்பதால் எங்களை அப்படித்தான் கேலி செய்வார்கள். நாங்களே சொல்லிக்கொண்டால் சிரிப்போம். அவன் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் முதலாளியைப் பார்த்தேன். ஓட்மார் கல்லா மேடையருகே நின்றிருந்தார். இந்தப் பீர்க்கூடத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஈஸ்ட் வாசனை தெரியாமல் இருக்க அவருக்கு மூக்கே இல்லாமல் போயிருக்க வேண்டும். 'ஆமாம், லியோபா சொல்வது சரி.' நான்கு வார்த்தை. அதை எதிர்பார்த்து நின்றேன்.

அவர் ஒரு கிளாஸை எடுத்துத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த கிளாஸ் அது.

"விசாரணை முடியற வரைக்கும் சாவியை வெச்சிட்டுப் போ, லியோபா. இது வழக்கமான நடைமுறைதான்."

வழக்கமாம்! பதினேழு வருடத்தில் எவனிடம் சாவியை வாங்கினார்?

சாவியை மேடை மேல் வைத்தேன். வைத்தேன் என்றா சொன்னேன்? அடித்தேன்.

"விசாரணையை நானே நடத்தறேன். இதே கூடத்துல, எல்லாரும் பாக்க. நான் சொன்னது பொய்ன்னு தெரிஞ்சா என் தொழில் பட்டயத்தைக் கிழிச்சு உங்க கையில குடுக்கறேன். உண்மைன்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா பாத்துக்கலாம்" என்றார் ஓட்மார், கிளாஸைப் பார்த்தபடி.

*

மறுநாள் ரொட்டிக் கடையில் எனக்கு முன் நின்றிருந்த பெண், "பீர்ல என்னமோ கலந்துட்டீங்களாமே?" என்று கேட்டாள், பேருந்து நேரம் விசாரிப்பது போல. நான் காசை வைத்துவிட்டு ரொட்டியை எடுக்காமலே வெளியே வந்தேன். பொய் பரவ ஒரு இரவு போதுமாக இருந்தது.

புதன்கிழமை காலை, கிலியனின் கசாப்புக் கடைப் பின்கட்டில் காய்ச்சினோம். எங்கள் கொப்பரையில் காய்ச்சினால் கொப்பரையில் புகை இருந்தது என்பார்கள். அதனால் அவன் புதிதாக வாங்கிய எஃகு அண்டாவைக் கொடுத்தான்.

"இன்னும் ஒரு சாசேஜ்கூட இதுல வேகலை" என்றான். "கன்னி அண்டா. பாத்துப் பக்குவமா நடத்து."

"உன் கடையில கன்னியா இருக்கறது இது ஒண்ணுதான்."

"அப்பாடா, வாய் திரும்பிடுச்சு. ரெண்டு நாளா நீ பேசாம இருந்ததுல பயந்தே போயிட்டேன்."

மால்ட்டும் எங்களுடையது இல்லை. அடுத்த ஊர் மால்ட் ஆலையிலிருந்து தைத்த மூட்டையாக வந்தது. மூட்டையின் தையலை யோர்ன்தான் வெட்டினான். கையில் எடுத்து மோந்து பார்த்து, "சுத்தம்" என்று அவன் வாயாலேயே சொன்னான். ஓட்மார் கேட்டார், கிலியன் கேட்டான், பரிமாறுகிற கெர்லிண்டெயும் கேட்டாள். காய்ச்சிய மால்ட் சாற்றை ஆற்றி, மூடி போட்ட இரண்டு எஃகுக் கேன்களில் சரிபாதியாக ஊற்றினேன். ஒன்றாம் எண் கேனில், வெளியூர் ஆய்வுக்கூடத்திலிருந்து வரவழைத்த, புகையையே பார்த்திராத புது ஈஸ்ட். இரண்டாம் எண் கேனில் எங்கள் புகை பீர்த் தொட்டியின் அடி ஈஸ்ட்.

"ஒண்ணுல புகை இருக்காது, ரெண்டுல இருக்கும்" என்றேன். "அப்படி இருந்தா ஈஸ்ட்தான் காரணம். நான் இல்லை."

"ரெண்டுலயும் இருக்காது" என்றான் யோர்ன்.

மூடிகளின் மேல் காகிதம் ஒட்டி, நானும் அவனும் கையெழுத்துப் போட்டோம். பொங்கும்போது வாயு வெளியேற வேண்டும் என்பதால் ஒவ்வொரு மூடியிலும் ஒரு மெல்லிய குழாய். குழாயின் மறுமுனை ஒரு கிண்ணத் தண்ணீரில் முழுகியிருக்கும். கேன்கள் எங்கள் குளிர் நிலவறைக்குப் போயின. நிலவறைச் சாவி ஓட்மாரிடம். திறப்பது பதினோராம் நாள் ஞாயிறு. வருகிற ஞாயிறா, அதற்கடுத்ததா என்று கெர்லிண்டெ குழம்பி, கடைசியில் சுவரில் தேதியை எழுதியே வைத்துவிட்டாள்.

அந்த நாட்களில் நான் தூங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத் தூங்கினேன். என் கணக்கு எனக்குத் தெரியும். விடிந்து எழுந்ததும்தான் வயிறு எரியும். என் சூளையில் வேறு யாரோ விறகு தள்ளிக்கொண்டிருந்தார்கள். காற்று என் தெருப் பக்கம் அடித்தபோது புகை கறுப்பாக வந்தது. ஈரக்கட்டையைப் போட்டிருக்கிறார்கள், படுபாவிகள்.

*

அந்த ஞாயிறு கூடத்தில் நிற்க இடமில்லை. கேன்களைக் குழாய், கிண்ணத்தோடு வட்ட மேஜை மேல் ஏற்றினார்கள். காகிதங்கள் கிழியவில்லை. கையெழுத்துகள் அப்படியே இருந்தன. நானே பிரித்தேன்.

முதலில் இரண்டாம் கேன். ஊற்றி, மோந்து, ஒரு வாய் குடித்தேன். இன்னும் பக்குவப்படாத இளம் பீர். ஓரத்தில், நாக்கின் பின்னால், அந்த லேசான புகை. பக்கத்து அறையில் யாரோ ஹாம் நறுக்குவது போல. அதுதான். கிளாஸைச் சுற்றில் விட்டேன். "இருக்கு, இருக்கு" என்று தலைகள் ஆடின.

அடுத்து ஒன்றாம் கேன்.

மூக்கருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது.

புகை. சந்தேகமே இல்லாமல் புகை.

என் முகத்தைப் பார்த்தே யோர்ன் எழுந்துவிட்டான். கிளாஸை வாங்கி ஒரு மிடறு குடித்து, மேஜை மேஜையாகக் காட்டினான். "குடிச்சுப் பாருங்க. புது ஈஸ்ட் போட்ட கேன் இது. இதுலயும் புகை! அப்போ ஈஸ்ட் காரணம் இல்லை. சாறுதான் காரணம். சாற்றுல என்னமோ கலந்திருக்கு. கலந்தது யாரு? அண்டாவுல கரண்டி பிடிச்சவங்க யாரு?"

இரண்டு பேர் குடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் தலை குனிந்தார்கள். கெர்லிண்டெ ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது அடைத்தது. அவமானத்தில் இல்லை. சுத்தமான கோபத்தில். நான் போடாத புகை என் கண் முன்னால் இருக்கிறது. யார் போட்டது?

"குடு இப்படி" என்றான் கிலியன். பெரிய மிடறாகக் குடித்தான். குடித்த வேகத்தில் தரையில் துப்பினான்.

"சீ! இது புகையே இல்லை."

"புகை இல்லாம வேற என்னவாம்?" என்றான் யோர்ன்.

"எசன்ஸ்! ஹாம் ஆலைக்காரன் புகை காட்டாமலே பன்னித் தொடையை முக்கி எடுக்கறானே, அந்தக் குப்பித் தண்ணி. மாசம் ஒருத்தன் சாம்பிளோட என் கடைக்கு வந்து நிக்கறான். முதல்ல நல்லாத்தான் இருக்கும், அப்புறம் தொண்டையில டயர் எரிஞ்ச மாதிரி உக்காந்துக்கும். இப்பக் கேளுங்க, குடிச்ச எல்லாருக்கும் தொண்டை கரகரங்குதா இல்லையா?"

யாரோ இருமினார். இன்னொருவர் தண்ணீர் கேட்டார். நான் மறுபடி ஒரு வாய் குடித்தேன். இந்த முறை பொறுமையாக. அவன் சொன்னது சரி. தானியத்தில் ஏறிய புகை உருண்டு உள்ளே இறங்கும். இது முள்ளாக மேலேயே நின்றது.

சீல் உடையவில்லை. அப்படியானால் எந்த வழியாக உள்ளே போனது?

நான் ஒன்றாம் கேனின் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்சுவரில் பழுப்பு நிறத்தில் கோடு. கிண்ணத்துத் தண்ணீரை மோந்தேன். அடுத்த கேனின் கிண்ணத்தையும் மோந்தேன். இரண்டையும் அப்படியே கிலியனிடம் நீட்டினேன். அவன் கெர்லிண்டெயிடம் கொடுத்தான். அவள் அடுத்தவரிடம். இரண்டு கிண்ணங்களும் மூக்கு மூக்காகக் கூடத்தைச் சுற்றின. ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் கருகிய டயர்.

"குழாயைக் கிண்ணத்துலேருந்து எடுத்து, அது வழியா உள்ள செலுத்தியிருக்காங்க" என்றேன். "மூடியைத் தொடவே வேண்டியதில்லை."

"நீங்களே செஞ்சிருக்கலாம்" என்றான் யோர்ன்.

"ஜெயிக்கற கேனை நானே கெடுக்கணுமா? எதுக்கு?"

"பழியை என் மேல போட!" அவன் குரல் உயர்ந்தது. சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. "இதென்ன கொலைக் குத்தமா? சந்தையில கிடைக்கிற பொருள்தானே? ரெண்டு சிரிஞ்சு எசன்ஸ்ல யாரும் செத்துட மாட்டாங்க!"

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது.

"சிரிஞ்சா?" என்றேன் நான். "சிரிஞ்சுன்னு இங்க யாரும் சொல்லலையே, டாக்டரே. ரெண்டுன்னும் சொல்லலை."

யோர்ன் முகத்தைத் திருப்பினான். பிறகு ஓட்மாரைப் பார்த்தான். அந்தப் பார்வை போதுமாக இருந்தது. எல்லாரும் ஓட்மாரைப் பார்த்தார்கள்.

"நிலவறைச் சாவி உங்ககிட்டதான் இருந்துச்சு, முதலாளி" என்றாள் கெர்லிண்டெ.

"கேட்டான், குடுத்தேன்" என்றார் ஓட்மார். "வெப்பநிலை பாக்கணும்னான். உள்ள என்ன செஞ்சான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

யோர்ன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தான். யாரும் தடுக்கவில்லை, யாரும் வழியும் விடவில்லை. அவன் ஒவ்வொரு முதுகாகக் கெஞ்சி நகர்ந்து வாசலை அடைய வேண்டியிருந்தது.

ஓட்மார் என் முழங்கையைத் தொட்டார். "வா லியோபா, உள்ள போய்ப் பேசலாம்."

"இங்கயே பேசுங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு பெரிய கடைக்காரன் நம்ம வெளிர் பீரை எடுக்கறேன்னான். புகை வாசனை மட்டும் வேணாம்னான். ஈஸ்ட்டை மாத்தறது, குழாயெல்லாம் மாத்தறதுன்னா காலம் ஆகும். யோர்ன்தான் சொன்னான், ஒரு ஆளோட தப்புன்னு சொல்லிடலாம், ஆளை மாத்திட்டோம்னு எழுதிக் குடுத்துடலாம், அதுக்குள்ள மெதுவா ஈஸ்ட்டை மாத்திக்கலாம்னு."

"அப்போ ஈஸ்ட்ல வருதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாம இருக்குமா? சின்ன வயசுலேருந்தே தெரியும்."

அங்கேதான் எனக்குள் ஏதோ அறுந்தது. யோர்ன் வெளியூர்க்காரன், நான்கு மாதத்து ஆள், திமிர் பிடித்தவன், ஏமாற்றினான். சரி. இந்த மனிதர்? தெரிந்தே கிளாஸ் துடைத்துக்கொண்டு நின்றாரே!

"இதை இப்ப எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"நாளைக்கே உன்னை வேலைக்கு எடுத்துக்கறேன். சாவி இந்தா. சம்பளம் உயர்த்தித் தர்றேன். கடைப் பேரு கெட்டுடும் லியோபா, புரிஞ்சுக்கோ."

"என் பேரை எங்க வெச்சுக் கெடுத்தீங்க? உள்ளயா, இங்கயா?"

அவர் மேடைக்குப் பின்னால் போய், கூடத்தைப் பார்த்துக் கையைத் தட்டினார். "சரி சரி, முடிஞ்சுது! எல்லாருக்கும் ஒரு கிளாஸ், கடைக் கணக்குல!"

கிலியன் தன் பாதிக் கிளாஸைப் பார்த்தான். அதன் கீழிருந்த அட்டையை உருவி, கிளாஸின் வாய் மேல் வைத்தான். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: போதும், எனக்கு ஊற்றாதே. பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். எதிரே இருந்தவரும். அடுத்த மேஜை, அதற்கடுத்தது. அன்று களுக்கென்று சிரித்த ஆளும் வைத்தான். கெர்லிண்டெ ஊற்றிக் கொண்டுவந்த எட்டுக் கிளாஸ்களும் தட்டிலேயே நுரை அடங்கின. பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு கூடம் நிறைய ஆட்கள், இலவச பீர், தொட ஆளில்லை. ஓட்மார் வாழ்நாளில் அப்படியொன்றைப் பார்த்திருக்க மாட்டார். நானும்தான் பார்த்ததில்லை.

அவர் முகம் வெளுத்தது. மேடையை விட்டு இறங்கி, கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"வெளிர் பீர்ல வர்ற புகை ஈஸ்ட்லேருந்து வர்றது" என்றார், தரையைப் பார்த்து. "எப்பவும் அப்படித்தான். யாரும் எதையும் கலக்கலை. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அன்னைக்கு நான் சொல்லலை. அந்தம்மா மேல தப்பில்லை."

ஒரு அட்டைகூட அசையவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எந்தம்மா?" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன. எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

"லியோபா" என்றார்.

"கதவுகிட்ட இருக்கறவங்களுக்குக் கேக்கலை, முதலாளி."

"லியோபா மேல தப்பில்லை!" என்று கத்தினார் ஓட்மார். தெருவில் போன இரண்டு பேர் நின்று, ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.